வீட்டிற்கொரு புத்தகப் பலகை

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவி, நெட்டப்பாக்கம்)

ஒரு வீட்டில் எந்தப் பொருளுக்கு எந்த இடம் தரப்பட்டிருக்கிறது என்பதைப் பார்த்தாலே, அவ்வீட்டார் எதை மதிக்கிறார்கள் என்று சொல்லிவிடலாம். சாமி படத்திற்குக் கிழக்குப் பார்த்த சுவர் உண்டு. தொலைக்காட்சிப் பெட்டிக்கு நடுக்கூடம் உண்டு. அரிசி மூட்டைக்குக்கூட ஈரம் ஏறாத ஒரு மூலையும், அடியில் வைக்க இரண்டு செங்கல்லும் உண்டு. ஆனால் புத்தகத்திற்கு? கட்டிலின் அடியில் ஒரு தகரப் பெட்டி, கதவுக்குப் பின்னால் ஒரு துணிப்பை, ஜன்னல் திண்டில் ஓர் அடுக்கு, விருந்தாளி வந்தால் அதுவும் தரைக்கு இறங்கும். நம் கிராமங்களில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்திருக்கும் மாணவர்களின் வீடுகளில் பெரும்பாலும் இதுதான் நிலை. புத்தகத்திற்கென்று சுவரில் ஓர் இடம் வேண்டும். அந்த இடத்தை நம் கையாலேயே நாம் அமைத்துக்கொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இது என்ன பெரிய செய்தி, ஒரு பலகையும் நான்கு திருகாணியும்தானே என்று சிலர் நினைக்கலாம். சிறிய செய்திதான். ஆனால் சிறிய செய்திகளில்தான் நம்முடைய படிப்பு நம் வீட்டிற்குள் வந்துவிட்டதா, வாசலிலேயே நிற்கிறதா என்பது தெரிகிறது.

சொற்கள் சொல்லும் கதை

பொருளை வைக்கும் இடத்திற்குத் தமிழில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. விளக்கு வைக்கச் சுவரில் குடைந்தது மாடம். தயிர்ப்பானையைப் பூனைக்கு எட்டாமல் தொங்கவிட்டது உறி. அன்றாடம் தேவைப்படாத பொருள் ஏறியது பரண். இவையெல்லாம் நம் வீட்டிலேயே பிறந்த சொற்கள். அலமாரி என்ற சொல்லோ போர்த்துக்கீசியர் வழியாக வந்தது. மேசையும் ஜன்னலும் அப்படி வந்தவைதாம். ஆக, விளக்குக்கும் தயிருக்கும் பழைய பாத்திரத்திற்கும் நம் முன்னோர் இடம் வகுத்தார்கள். ஏட்டிற்கு என்று சாதாரணக் குடியானவன் வீட்டில் தனி இடம் வகுக்கப்படவில்லை. ஏடே அவ்வீட்டிற்கு வரவில்லை என்பதுதான் காரணம்.

ஏடு இருந்த வீடுகளிலும் அதன் கதி எப்படியிருந்தது என்பதை உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்து சுவடி தேடிய வரலாற்றைப் படித்தவர்கள் அறிவார்கள். பரணிலும் மூலையிலும் போட்டுக் கரையானுக்கு இரையானவை போக எஞ்சியவற்றைத்தான் அவர் மீட்டார். 1887-இல் அவர் சீவக சிந்தாமணியை அச்சேற்றியது தமிழின் நற்பேறு. அதே வேளையில், வைக்க இடம் இன்றி அழிந்தவை எத்தனை என்ற கேள்வியும் நெஞ்சை உறுத்துகிறது. நமது புதுவையிலேயே 1955-இல் தொடங்கப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் ஆயிரக்கணக்கான ஓலைச் சுவடிகள் காக்கப்படுகின்றன. அங்குள்ள சைவச் சுவடித் தொகுப்பை 2005-இல் யுனெஸ்கோ உலக நினைவகப் பதிவேட்டில் சேர்த்தது. காப்பாற்றப்பட்ட ஏடு என்பது, முதலில், தரையிலிருந்து மேலே தூக்கி வைக்கப்பட்ட ஏடு என்பதை நாம் மறக்கலாகாது.

புதுவை நகரில் ரோமென் ரோலான் நூலகம் 1827-இல் தொடங்கப்பட்டது. இருநூறு ஆண்டுகளை எட்டப் போகும் நூலகம் இருக்கும் மாநிலத்தில், அங்கிருந்து ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் இருக்கும் எங்கள் கொம்யூனில் ஒரு மாணவியின் வீட்டில் பத்துப் புத்தகம் நிற்க ஒரு பலகை இல்லை. அறிஞர் அண்ணா ‘வீட்டிற்கோர் புத்தகசாலை’ வேண்டும் என்று வானொலியில் பேசினார். அப்பேச்சைப் பள்ளியில் பாடமாகப் படித்தோம், மதிப்பெண்ணும் வாங்கினோம். சாலைக்கு முன் பலகை வேண்டும் அல்லவா?

தண்ணீர் கற்பித்த பாடம்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுவைக்கு அருகே கரை கடந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. புதுவையில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 48 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அடுத்த இரண்டு நாட்களில் சாத்தனூர் அணையிலிருந்து திறக்கப்பட்ட நீர் தென்பெண்ணையில் பெருகி, பாகூர்ப் பக்கத்துக் கிராமங்களைச் சூழ்ந்தது. எங்கள் வீட்டிற்குள் வந்தது கணுக்கால் அளவு மழைநீர்தான். கணுக்கால் அளவு தண்ணீர் மனிதருக்கு ஒரு சங்கடம்; தரையில் இருக்கும் புத்தகத்திற்கு அதுவே மரணம்.

அரிசி தப்பியது. அதன் அடியில் செங்கல் இருந்தது. தொலைக்காட்சி தப்பியது. அது மேசைமேல் இருந்தது. கட்டிலின் கீழே இருந்த தகரப் பெட்டியில் என் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகங்களும், கல்லூரி முதல் பருவக் குறிப்பேடுகளும், பள்ளியில் பரிசாகப் பெற்ற ஓர் அகராதியும் ஒன்றோடொன்று ஒட்டிப் பாளமாகிக் கிடந்தன. என் தாயார் எழுதப் படிக்கத் தெரியாதவர். அவர்தான் ஒவ்வொரு தாளாகப் பிரித்துக் கொடியில் துணி காயவைப்பது போல் காயவைத்தார். காய்ந்த தாள்களில் மை பரவி எழுத்துக்கள் கரைந்திருந்தன. “இதுல எது முக்கியம்னு எனக்குத் தெரியலம்மா, அதான் எல்லாத்தையும் காயப் போட்டேன்” என்றார்.

இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. எங்கள் ஒற்றை அறை வீட்டில் பெட்டிக்கு வேறு இடம் கிடையாது. ஆனால் தரையில் இடம் இல்லாத வீட்டிலும் நான்கு சுவர்கள் இருக்கின்றன என்பதை அன்று நினைத்துக்கொண்டேன். சுவர் என்பது ஏழையின் வீட்டிலும் வீணாகக் கிடக்கும் நிலம். அதைப் பயிரிட வேண்டும்.

மிதப்பது எதுவும் மிதக்கவில்லை

இக்காலத்தில் நகரத்து வீடுகளில் ‘மிதக்கும் பலகை’ என்று ஒன்று நாகரிகமாகியிருக்கிறது. கீழே தாங்கியும் தெரியாது, பக்கத்தில் சட்டமும் தெரியாது. சுவரிலிருந்து ஒரு பலகை தானாக நீண்டு நிற்பது போல் இருக்கும். பார்ப்பதற்கு அழகுதான். ஆனால் இயற்பியல் படிப்பவர்கள் அழகைப் பார்த்தவுடன் கணக்கையும் பார்க்க வேண்டும்.

அந்தப் பலகைக்குப் பின்னால் ஒரு மரக்கட்டையோ இரும்புச் சட்டமோ சுவரில் முடுக்கப்பட்டிருக்கிறது. அதிலிருந்து வரும் கம்பிகள் பலகையின் வயிற்றுக்குள் மறைந்திருக்கின்றன. நம் பாடப் புத்தகத்தில் வரும் வளைசட்டம், அதாவது ஒரு முனை பிணைக்கப்பட்டு மறுமுனை வெளியில் நிற்கும் சட்டம், இதுதான்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். பலகையின் நீளம் 90 சென்டிமீட்டர், அகலம் 20 சென்டிமீட்டர் என்று கொள்வோம். எங்கள் தெரு மளிகைக் கடைத் தராசில் நான் நிறுத்துப் பார்த்தவரை, அந்த நீளத்திற்கு நெருக்கமாக அடுக்கிய பாடப் புத்தகங்கள் சுமார் 20 கிலோ வருகின்றன. பலகையின் எடை 4 கிலோ. ஆக மொத்தம் 24 கிலோ. இந்த எடையின் மையம் சுவரிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. எனவே பலகையைக் கீழ்நோக்கித் திருப்ப முயலும் திருப்புத்திறன் 24-ஐப் பத்தால் பெருக்க 240 கிலோ-சென்டிமீட்டர்.

மிதக்கும் பலகையில் சுவரோடு ஒட்டிய கட்டையின் உயரம் நான்கு சென்டிமீட்டர்தான். அதன் கீழ் விளிம்புக்கும் திருகாணிக்கும் இடையே மூன்று சென்டிமீட்டர்தான் கிடைக்கும். 240-ஐ மூன்றால் வகுத்தால் 80. அதாவது அந்தத் திருகாணிகளைச் சுவரிலிருந்து பிடுங்கும் விசை எல்லாம் சேர்ந்து 80 கிலோ எடைக்குச் சமம். வைத்ததோ 24 கிலோ. சுவர் உணர்வதோ 80 கிலோ இழுப்பு.

அதே பலகைக்குக் கீழே, சுவரில் 15 சென்டிமீட்டர் இறங்கும் சாதாரண இரும்புத் தாங்கி இரண்டைக் கொடுங்கள். மேல் திருகாணி தாங்கியின் கீழ் முனையிலிருந்து 12 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். 240-ஐப் பன்னிரண்டால் வகுத்தால் 20. இரண்டு தாங்கிக்கும் பங்கிட்டால் ஆளுக்குப் பத்து. பிடுங்கும் விசை நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது! தாங்கியை மறைப்பதற்காக நாம் கொடுக்கும் விலை நான்கு மடங்கு இழுப்பு என்பது இதிலிருந்து விளங்கும்.

எனவே என் கருத்து இது: உறுதியான செங்கற்சுவரும் தேர்ந்த தச்சரும் கிடைத்தால், பலகை மிதக்கட்டும், காட்சிக்கு நான்கு சிறு பொருள் வைக்கட்டும். புத்தகம் தாங்க வேண்டிய பலகைக்குத் தாங்கி வெளியே தெரிவதில் எந்த இழிவும் இல்லை. இதில் வேறொரு உண்மையும் அடங்கியிருக்கிறது. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்தவர்களைப் பார்த்து, ‘தானாகவே முன்னுக்கு வந்தவர்’ என்று மேடையில் புகழ்வதுண்டு. தானாக எவரும் நிற்பதில்லை. சிமெண்டுச் சட்டி சுமந்த ஒரு தோளும், நடவு நட்ட ஒரு முதுகும் எங்கேயோ மறைவில் அந்த இழுப்பைத் தாங்கிக்கொண்டிருக்கின்றன. அவற்றை மறைத்துவிட்டு மிதப்பதாகக் காட்டிக்கொள்வது பொய். தாங்கி தெரியட்டும் என்பதே என் கட்சி.

வளைவைப் பற்றியும் ஒரு சொல். ஆய்வகத்தில் சட்டத்தின் நடுவே எடை தொங்கவிட்டு, நுண்ணோக்கியில் இறக்கத்தை அளந்து யங் குணகம் காண்கிறோம். ரெக்கார்டு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கியதோடு அது முடிந்துவிடுகிறது. அந்தச் சோதனையின் உண்மையான பயன் வீட்டுச் சுவரில்தான் இருக்கிறது. நீளம் முழுவதும் புத்தகம் அடுக்கிய பலகையின் தொய்வு, தாங்கிகளுக்கிடையேயான தூரத்தின் நான்காம் படிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். தூரத்தை இரண்டு மடங்காக்கினால் தொய்வு பதினாறு மடங்கு. பலகையின் கனத்தை இரண்டு மடங்காக்கினாலோ, தொய்வு எட்டில் ஒரு பங்காகிவிடும். ஆகவே நீண்ட மெல்லிய பலகையைவிடக் குட்டையான கனத்த பலகை சிறந்தது. தாங்கிகளை இரு ஓரத்தில் வைப்பதைவிட, ஒவ்வொரு முனையிலிருந்தும் மொத்த நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கு உள்ளே தள்ளி வைத்தால் தொய்வு வெகுவாகக் குறையும். தச்சர்கள் இதைச் சமன்பாடு இல்லாமலே செய்கிறார்கள்.

சுவரை அறிதல்

பலகையைவிடச் சுவரே முக்கியம். என் தந்தையார் கொத்தனார் வேலை செய்பவர். ஐந்தாம் வகுப்போடு நின்றவர். பலகை வைக்கும் எண்ணத்தைச் சொன்னதும் அவர் சொன்ன முதல் சொல், “சுவத்தத் தட்டிப் பாரும்மா, அதுவே சொல்லும்” என்பதுதான். சுத்தியலின் பின்புறத்தால் மெல்லத் தட்டினால், பூச்சு செங்கல்லோடு பிடித்திருக்கும் இடத்தில் கெட்டியான ஒலி வரும். பூச்சு விலகியிருக்கும் இடத்தில் பொள்ளலான ஒலி வரும். ஒலியியல் பாடத்தை நான் கல்லூரியில் படித்தேன். அவர் சாரத்தின் மேல் நின்று படித்திருக்கிறார்.

நம் வட்டாரத்துச் சுவர்கள் ஒரே வகையல்ல. ஒன்பது அங்குலச் செங்கற்சுவர் எந்தப் பலகையையும் தாங்கும். நாலரை அங்குலத் தடுப்புச் சுவரில் எடையைக் குறைத்துக்கொள்ள வேண்டும். ஹாலோ பிளாக் சுவரில் துளை பொள்ளலுக்குள் போய்விட்டால் சாதாரண பிளக் பிடிக்காது. அதற்கென்று விரியும் போல்ட்டுகள் உண்டு. பழைய சுண்ணாம்புச் சுவரும் மண்சுவரும் திருகாணியைப் பிடிக்கவே மாட்டா. அத்தகைய வீட்டில் தரையிலிருந்து இரண்டு சட்டங்களை நிறுத்தி, அவற்றின்மேல் பலகையை ஏற்றி, மேலே மட்டும் சுவரோடு கட்டிவிடுவதே அறிவுடைமை.

செங்கற்சுவரில் வேலை செய்யும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பூச்சின் கனம் சுமார் அரை அங்குலம். பிளக் அந்தப் பூச்சைத் தாண்டிச் செங்கல்லுக்குள் முழுவதும் இறங்க வேண்டும். பூச்சில் மட்டும் நிற்கும் பிளக் முதல் மாதமே பெயர்ந்து வரும். இரண்டு செங்கல்லுக்கிடையே உள்ள சாந்துப் பட்டையில் துளையிடக் கூடாது. எட்டு மில்லிமீட்டர் பிளக்குக்கு எட்டு மில்லிமீட்டர் துளை. ஆழம் பிளக்கைவிடச் சற்றுக் கூடுதல். துளையில் நிற்கும் செங்கல் தூளை ஊதி வெளியேற்றிய பிறகே பிளக்கை அடிக்க வேண்டும். சுவிட்சுப் பலகைக்கு நேர் மேலும் கீழும் மின்கம்பி சுவருக்குள் ஓடும். அந்தக் கோட்டில் கை வைக்கவே கூடாது. இரண்டு தாங்கிக்கும் குறி போடும்போது ரசமட்டம் வைத்துப் பார்க்க வேண்டும். ரசமட்டம் இல்லையேல், கொத்தனார்கள் செய்வது போல் ஒளி ஊடுருவும் குழாயில் தண்ணீர் நிரப்பி இரு முனையின் மட்டத்தையும் குறித்துக்கொள்ளலாம். திரவம் தன் மட்டத்தைத் தானே காணும் என்பது நாம் ஏழாம் வகுப்பில் படித்ததுதானே!

பிளக் என்றதும் அதன் வரலாறும் நினைவுக்கு வருகிறது. முன்பெல்லாம் உளியால் சுவரில் குழி வெட்டி, மர ஆப்பை அடித்து, சாந்து பூசி, அதில்தான் திருகாணி முடுக்கினார்கள். லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகச் சுவர்களில், சுவர் சிதையாமல் மின் பொருத்திகளை அமைக்கும் வேலையை ஏற்ற ஜான் ரால்லிங்ஸ் என்பவர் 1911-ஐ ஒட்டிச் சணலால் ஆன பிளக்கை உருவாக்கினார். 1958-இல் ஜெர்மனியின் ஆர்த்தூர் ஃபிஷர் நைலான் பிளக்கைக் கொண்டுவந்தார். அவர் பல்கலைக்கழகத்தில் படித்தவரல்லர். பூட்டுத் தொழில் பழகியவர். கைவேலை தெரிந்தவரின் மூளையிலிருந்து வந்த பொருளைத்தான் உலகம் முழுவதும் இன்று சுவரில் அடித்துக்கொண்டிருக்கிறோம்.

மரமும் பொறுமையும்

என் பலகை பலா மரம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுவைக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்தபோது இப்பகுதியில் சாய்ந்த எண்ணற்ற மரங்களில் அதுவும் ஒன்று. எங்கள் ஊர்த் தச்சர் ஒருவர் அதை அறுத்துப் பட்டறை மூலையில் அடுக்கி வைத்திருந்தார். பல ஆண்டுகள் நிழலில் ஆறிய மரம். “ஆறாத மரம் முறுக்கிக்கும்மா; ஆறுன மரம் சொன்ன சொல் கேக்கும்” என்று சொல்லி, பயன்படாத துண்டு என்று காசு வாங்காமல் கொடுத்தார். இழைப்புளியைப் பிடிக்கும் முறையையும், நார் ஓடும் திசையிலேயே இழைக்க வேண்டும் என்பதையும் அவரே கற்றுக்கொடுத்தார். ஒரு புயலில் சாய்ந்த மரம் இன்னொரு புயலில் நனைந்த புத்தகங்களுக்கு மிஞ்சியவற்றைத் தாங்குகிறது என்பதில் எனக்கு ஒரு நிறைவு உண்டு.

வேங்கையும் தேக்கும் வாங்க வசதியில்லாதவர்களுக்கு வேம்பு இருக்கிறது, பூவரசு இருக்கிறது, இடித்த வீட்டின் பழைய கதவுப் பலகை இருக்கிறது. மலிவாகக் கிடைக்கிறதென்று தூளை அழுத்திச் செய்த பலகையை வாங்குவது நம் ஊருக்குப் பொருந்தாது. கடற்காற்றின் ஈரத்தில் அது ஊதிப் பிளந்துவிடும். கரையானுக்கு அஞ்சுபவர்கள், படகுக்குப் பூசுவது போல் முந்திரிக்கொட்டை எண்ணெயைச் சுவரோடு ஒட்டும் பின்விளிம்பில் பூசலாம். அது தோலைப் புண்ணாக்கும்; வெறுங்கையால் தொடாமல் துணி சுற்றிய குச்சியால் பூச வேண்டும். புத்தகம் படும் மேற்பரப்புக்கு வார்னிஷே போதும்.

மரவேலையைத் தாழ்வாக நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. நம் புதுவையில் ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதி 1937-இல் கட்டத் தொடங்கப்பட்டது. கட்டடக் கலைஞர் அந்தோனின் ரேமண்ட் அதை வடிவமைத்தார். கட்டுமானத்தை இங்கேயே தங்கி மேற்பார்த்தவர்களில் ஒருவர் ஜார்ஜ் நாகஷிமா என்ற ஜப்பானிய வழித்தோன்றலான அமெரிக்க இளைஞர். கட்டடக் கலையில் பட்டம் பெற்றவர். புதுவையிலிருந்து திரும்பியபின் இரண்டாம் உலகப் போரில், ஜப்பானிய வழியினர் என்ற ஒரே காரணத்திற்காக அவர் குடும்பத்தோடு முகாமில் அடைக்கப்பட்டார். அந்த முகாமில் ஒரு தச்சரிடம் ஜப்பானியத் தச்சு முறையைப் பயின்றார். பட்டம் பெற்றவர் உளியை எடுத்தார். பின்னாளில் உலகம் போற்றும் மரக் கலைஞரானார். 1964-இல் மீண்டும் இந்தியா வந்து அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் பணியாற்றினார். பட்டத்திற்கும் உளிக்கும் பகை இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? நம்மில் பலர் பட்டம் வாங்குவதே உளியையும் கரண்டியையும் மறப்பதற்காக என்று எண்ணுகிறோம். இந்த எண்ணம் மாற வேண்டும்.

எதிர்வாதங்கள்

“எல்லாப் புத்தகமும் கைப்பேசியில் கிடைக்கும்போது பலகை எதற்கு?” என்று கேட்கலாம். கைப்பேசியில் இருப்பதை நான் மட்டும்தான் பார்க்கிறேன். பலகையில் இருப்பதை வீடே பார்க்கிறது. பலகை ஏறிய பிறகு ஆறாம் வகுப்புப் படிக்கும் என் தம்பி, கேட்காமலே புத்தகத்தை எடுத்துப் படம் பார்க்கிறான். சீர்காழியில் பிறந்து, கணித ஆசிரியராக இருந்து, சென்னைப் பல்கலைக்கழக நூலகராகிய எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகள் வலியுறுத்துவதும் இதைத்தான்: புத்தகம் பயன்பாட்டிற்கு உரியது, பூட்டி வைப்பதற்கு அல்ல. வாசகன் கையெட்டும் திறந்த தட்டுகளே நூலகத்தின் உயிர் என்று அவர் வாதாடினார். அதே ஆண்டு மன்னார்குடியில் மாட்டு வண்டியில் ஏறிக் கிராமங்களுக்குச் சென்றது ஒரு நூலகம். வண்டியில் புத்தகம் நிற்க முடியுமென்றால் வீட்டில் நிற்க முடியாதா?

“வாடகை வீட்டில் ஆணி அடிக்க விடமாட்டார்களே” என்பது நியாயமான தடை. அங்கே சட்டம் நிறுத்திய பலகையே வழி. போகும்போது கழற்றி எடுத்துக்கொண்டு போகலாம்.

“செலவு?” தாங்கிகள், திருகாணிகள், பிளக்குகள், வார்னிஷ் எல்லாம் சேர்ந்து எனக்கு நானூறு ரூபாய்க்குள் முடிந்தது. துளையிடும் இயந்திரத்தைத் தந்தையார் உடன்வேலை செய்யும் மின்பணியாளரிடம் ஒரு மணி நேரம் இரவல் வாங்கினோம்.

இன்னொரு வாதத்தையும் நான் கேட்க நேர்ந்தது. “பொட்டப் புள்ள சுவத்துல ஓட்ட போட்டுக்கிட்டு இருக்குதே! நாளைக்கு வேற வீட்டுக்குப் போகப்போறவளுக்கு இங்க எதுக்குப் பலகை?” என்று உறவினர் ஒருவர் கேட்டார். அவர் மூத்தவர்; அவரிடம் எதிர்த்துப் பேசவில்லை. இங்கே எழுதுகிறேன். வேறு வீட்டிற்குப் போகிறவள் என்பதாலேயே பெண்ணுக்குப் பிறந்த வீட்டில் ஒரு மூலைகூட அவளுடையது என்று சொல்லப்படுவதில்லை. போன வீட்டிலும் அது எளிதில் கிடைப்பதில்லை. தொண்ணூறு சென்டிமீட்டர் பலகை பெரிய சொத்து ஒன்றுமில்லை. ஆனால் ‘இது அவள் புத்தகம், இறக்காதே’ என்று வீட்டார் சொல்லப் பழகிய முதல் இடம் அது. நான்கு திருகாணியைக் கழற்றினால் பலகை என்னோடு வரும். கழற்ற முடியாமற்போனாலும், இன்னொன்று செய்யும் வித்தை என் கையில் இருக்கிறது.

செய்ய வேண்டுவன

டாக்டர் அம்பேத்கர் பம்பாயில் 1930-களின் தொடக்கத்தில் ராஜகிருகம் என்ற இல்லத்தைக் கட்டியபோது, தம் நூல்களுக்கு இடம் வேண்டும் என்பதையே முதல் எண்ணமாகக் கொண்டு கட்டினார். நமக்கு வீடே கட்டும் வலிமை இன்று இல்லை. பலகை கட்டும் வலிமை உண்டு. அதற்கு மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறேன்.

முதலாவது, நம் துறைப் பேராசிரியர்களுக்கு. வளைவுச் சோதனை முடிந்த மறுவாரம் ஒரு பிற்பகலை ஒதுக்கி, ஒரு பலகையையும் ஒரு சுவரையும் தாருங்கள். திருப்புத்திறனைக் கணக்கிட்டு, துளையிட்டு, ஏற்றி, எடை வைத்துத் தொய்வை அளக்கிறோம். அந்தப் பிற்பகலுக்கு ஒரு தச்சரையும் ஒரு கொத்தனாரையும் சிறப்பு விருந்தினராக அழையுங்கள். மாலையும் பொன்னாடையும் அவர்களுக்கும் பொருந்தும்.

இரண்டாவது, 1969 முதல் நாடெங்கும் நடந்துவரும் நாட்டு நலப்பணித் திட்டத்தின் நம் கல்லூரி அணிக்கு. சிறப்பு முகாமில் சாலை கூட்டுகிறோம், மரம் நடுகிறோம், நல்லவைதாம். அடுத்த முகாமில், முதல் தலைமுறையாகப் படிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் வீட்டிற்கொரு பலகை ஏற்றுவோம். நட்ட மரத்தை ஆடு மேயலாம்; ஏற்றிய பலகையை எந்த ஆடும் மேயாது.

மூன்றாவது, ஏழை மக்களுக்கு வீடு கட்ட உதவும் அரசுக்கு. வரைபடத்தில் சமையல் மேடைக்கு இடம் போடுகிறீர்கள். கூடத்துச் சுவரில், தரையிலிருந்து நான்கடி உயரத்தில், புத்தகத்திற்கென ஒரு மாடம் விட்டுக் கட்டச் சொல்லுங்கள். கட்டும்போதே விடும் குழிக்குக் கூடுதல் செலவு மிகச் சிறிது.

1954-இல் பிரெஞ்சு ஆட்சியிலிருந்து விடுபட இந்த மாநிலத்தில் முதலில் எழுந்த ஊர்களில் ஒன்று நெட்டப்பாக்கம். அவ்வாண்டு நவம்பர் முதல் நாள் புதுவை இந்தியாவோடு இணைந்தது. அந்தத் தலைமுறை கொடியேற்றியது. அதற்குப் பின் வந்த தலைமுறை பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிவிட்டது. நம் தலைமுறை ஏற்ற வேண்டியது பலகை. அதன்மேல் நிற்கப் போகும் புத்தகங்களைப் படித்து வளரும் தம்பி தங்கையர், ‘எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி’ என்று யாரும் தங்களைச் சொல்லிக்கொள்ளத் தேவையில்லாத காலத்தைக் காண்பார்கள்.

நண்பர்களே, இந்த விடுமுறையில் உங்கள் வீட்டுச் சுவரை ஒருமுறை தட்டிப் பாருங்கள்!